வெட்டி ஒட்டுவதற்கு என்ன விலை?

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, "உன் தொழில் சம்பந்தமா எதையாவது எழுதேன்ப்பா, பசங்களுக்கும் உபயோகமா இருக்கும்" என்றார். டெலிவிஷன் நிலையங்களுக்கான கருவிகளை நிறுவுவதும் பராமரிப்பதும் என் தொழில். அதில் கேமராவைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. கல்லூரி நண்பர்கள் போன் செய்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ஒரு வீடியோ எடிட்டரை வெச்சுக்க எவ்வளவுப்பா ஆகும்?" ஒருவர் பள்ளிக்கூடம் நடத்துகிறார், ஒருவருக்கு ஜவுளிக்கடை, இன்னொருவருக்குப் பெண் கல்யாணம். பதில் சொல்வதற்குள் அடுத்த வரியும் வந்துவிடும். "சாஃப்ட்வேர்தான் இப்ப ஃப்ரீயாவே கிடைக்குதாமே, அப்புறம் எதுக்கு அவ்வளவு கேக்கறாங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு ஒரே எண்ணாகப் பதில் சொல்ல முடியாது. இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் எண் தானாகவே வரும்.

கத்தரிக்கோல் காலம்

முதலில் சினிமா. ஆரம்ப நாளில் படம் தொகுப்பவரை ஹாலிவுட்டில் 'கட்டர்' என்றுதான் அழைத்தார்கள். பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது, கத்தரிப்பது, பசை போட்டு ஒட்டுவது. தையல் வேலை மாதிரி என்று நினைத்தார்களோ என்னவோ, இந்த வேலைக்கு நிறையப் பெண்களை வைத்துக்கொண்டார்கள். மார்கரெட் பூத், ஆன் பாக்கன்ஸ் போன்றவர்கள் இப்படித்தான் உள்ளே வந்து பெரிய எடிட்டர்கள் ஆனார்கள்.

கருவி என்று சொல்லும்படி வந்தது மூவியோலா. இவான் செருரியர் என்பவர் அதை முதலில் வீட்டில் படம் பார்க்கும் பெட்டியாகத்தான் செய்தார். விலை 600 டாலர். அதனால் அதிகம் விற்கவில்லை. பிறகு 1924-ல் அதையே எடிட்டர்களுக்காகச் சிறியதாக மாற்றி, டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஸ்டுடியோவுக்கு 125 டாலருக்கு விற்றார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க மூவியோலாதான். சென்னையின் எடிட்டிங் அறைகளிலும் அதன் கடகட சத்தத்தோடு வாழ்க்கை நடத்திய மூத்த எடிட்டர்கள் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கருவி 125 டாலர்தான். அப்போது விலை அதிகமாக இருந்தது பிலிமுக்கு. கேமரா ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் காசு. எனவே எதை எடுப்பது, எதை விடுவது என்று முதலிலேயே யோசித்துவிட்டுத்தான் டைரக்டர் 'ஸ்டார்ட்' சொல்வார். எடிட்டர் மேஜைக்கு வரும் சரக்கு அளவோடு வந்தது.

ஐம்பதாயிரம் டாலர் பெட்டி

வீடியோவின் கதை வேறு. 1956 ஏப்ரலில், சிகாகோவில் நடந்த ஒலிபரப்பாளர் மாநாட்டில் ஆம்பெக்ஸ் நிறுவனம் ஒரு வீடியோ டேப் ரிக்கார்டரை வைத்தது. சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையில் ஒரு சின்னக் குழு செய்தது அது. பிற்காலத்தில் 'டால்பி' என்ற பெயருக்குச் சொந்தக்காரரான ரே டால்பியும் அந்தக் குழுவில் இருந்த பையன். விலை சுமார் 50,000 டாலர். அந்தக் காசுக்கு அன்றைய அமெரிக்காவில் இருபது கார் வாங்கலாம். ஒரு மணி நேரம் ஓடும் டேப் சுருள் மட்டும் 300 டாலர்.

2 அங்குல அகல டேப். அதை எடிட் செய்வது எப்படி? பிலிமில் படம் கண்ணுக்குத் தெரியும். டேப்பில் ஒன்றும் தெரியாது, எல்லாம் காந்தம். அதனால் நுண்ணிய இரும்புத் தூள் கலந்த திரவத்தை டேப்பில் தடவி, காந்தக் கோடுகள் தெரிய ஆரம்பித்ததும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே சரியாக பிளேடால் வெட்டி ஒட்டுவார்கள். அதிலும் ஒரு சங்கடம். ஒலி பதிவாகும் இடம், படம் பதிவாகும் இடத்திலிருந்து அரை விநாடிக்கு மேல் தள்ளி இருக்கும். படத்தைச் சரியாக வெட்டினால் பேச்சு பாதியில் அறுந்துவிடும்.

கை தவறினால் திருத்த வழியில்லை. வெட்டிய டேப்பை வேறு பதிவுக்குப் பயன்படுத்துவதும் கஷ்டம். 300 டாலர் சுருளை வெட்ட யாருக்கு மனசு வரும்? பல நிறுவனங்கள் வெட்டவே இல்லை. நிகழ்ச்சி முடிந்ததும் அழித்துவிட்டு அதே டேப்பில் வேறு நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். பி.பி.சி. தன் 'டாக்டர் ஹூ' தொடரின் பல பழைய பகுதிகளை இழந்ததற்கு இப்படி அழித்ததும் ஒரு காரணம். இவ்வளவு சங்கடத்துக்கு நடுவிலும் 1968-ல் என்.பி.சி.யில் தொடங்கிய 'ரோவன் அண்ட் மார்ட்டின்ஸ் லாஃப்-இன்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியில், ஒரு பகுதிக்கு நூற்றுக்கணக்கான வெட்டுகளைக் கையாலேயே போட்டார்கள் என்றால் அந்தக் கைகளை என்ன சொல்வது!

மணிக்கணக்கு வாடகை

டேப்பை வெட்டாமல், ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பதிவு செய்தே எடிட் செய்யும் முறை 1960-களில் வந்தது. 1967-ல் டைம்கோடு வந்தது. ஒவ்வொரு படத்துக்கும் மணி, நிமிஷம், விநாடி, படம் என்று ஒரு முகவரி. இதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் எடிட்டிங்குக்குள் நுழைந்தது.

1971-ல் சி.பி.எஸ்.ஸும் மெமோரெக்ஸும் சேர்ந்து சி.எம்.எக்ஸ். 600 என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். திரையில் ஒளிப்பேனாவால் தொட்டே வெட்டலாம். எந்த ஷாட்டுக்கும் நொடியில் தாவலாம். இன்று நம் போனில் செய்வதன் தாத்தா அது. விலை சுமார் 2,50,000 டாலர்! துணி துவைக்கும் மெஷின் அளவில் வரிசையாக டிஸ்க் பெட்டிகள். அத்தனையும் சேர்ந்து கொள்ளும் வீடியோ சுமார் அரை மணி நேரம், அதுவும் கறுப்பு வெள்ளையில். விற்றது ஐந்தாறுதான்.

அதனால் அடுத்த இருபது வருஷத்துக்கு நடைமுறையில் ஆண்டது டேப்பிலிருந்து டேப்புக்குப் பதியும் முறைதான். சோனியின் யு-மேட்டிக் 1971-லும் பீட்டாகேம் 1982-லும் வந்தன. சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. பிறகு சாட்டிலைட் சேனல்களும் சீரியல்களும் வர, நம்மூரிலும் எடிட் சூட் என்று ஏ.சி. அறைகள் முளைத்தன. மணிக்கு இவ்வளவு, ஷிப்டுக்கு இவ்வளவு என்று வாடகை. எடிட்டர் சம்பளம் அந்த வாடகைக்குள் அடக்கம். பில்லில் தனியாக அவர் பெயர்கூட இருக்காது.

இந்த முறையில் ஒரு பெரிய தொல்லை. இருபது நிமிஷ நிகழ்ச்சியில் ஐந்தாவது நிமிஷத்தில் ஒரு ஷாட்டை நீளமாக்க வேண்டுமா? அதற்குப் பின்னால் உள்ள பதினைந்து நிமிஷத்தையும் மறுபடி பதிய வேண்டும். இல்லையென்றால் பதிந்ததையே இன்னொரு முறை பிரதி எடுக்க வேண்டும். பிரதிக்குப் பிரதி படம் மங்கும். மீட்டர் வேறு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆகவே ஒரு தந்திரம் செய்தார்கள். டைம்கோடு எண் திரையிலேயே தெரியும்படி வி.எச்.எஸ். காசெட்டில் பிரதி எடுத்து, வீட்டில் உட்கார்ந்து பார்த்து, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை வேண்டும் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வது. அந்தப் பட்டியலோடு சூட்டுக்குப் போனால் வாடகை பாதியாகும். யோசிப்பதை வாடகை இல்லாத இடத்தில் செய்துவிட்டு, கையை மட்டும் வாடகை அறைக்குள் கொண்டுபோவது என்று அர்த்தம். யோசனைக்கு ஒரு நேரம், வேலைக்கு ஒரு நேரம் என்ற ஒழுங்கை அந்த வாடகை மீட்டர்தான் கற்றுக்கொடுத்தது.

விலை விழுந்த கதை

1987-ல் பில் வார்னர் என்பவர் ஏவிட் நிறுவனத்தை ஆரம்பித்தார். 1989-ல் அவர்களுடைய எடிட்டிங் கருவி மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரில் வந்தது. அதுவும் பல பத்தாயிரம் டாலர்தான். ஆனால் நடுவில் ஒரு ஷாட்டைச் செருகினால் மற்றவை தானாக நகர்ந்து வழிவிட்டன. தமிழில் 1994-ல் வெளிவந்த 'மகாநதி' இந்தியாவில் ஏவிட் பயன்படுத்திய முதல் படம் என்று பேசப்படுகிறது. 1996-ல் வந்த 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' படத்துக்காக வால்டர் மர்ச் ஆஸ்கார் வாங்கினார். கம்ப்யூட்டரில் எடிட் செய்து எடிட்டிங்குக்கான ஆஸ்கார் பெற்ற முதல் படம் அது.

பிறகு விலை சரிய ஆரம்பித்தது. 1999-ல் ஆப்பிளின் ஃபைனல் கட் புரோ 999 டாலர். அதே மர்ச் 2003-ல் 'கோல்ட் மவுன்டன்' என்ற பெரிய படத்தை அதில்தான் தொகுத்தார். டாவின்சி ரிசால்வ் கதை இன்னும் வேடிக்கை. நிறம் திருத்தும் அந்தக் கருவி ஒரு காலத்தில் சில லட்சம் டாலர். 2009-ல் பிளாக்மேஜிக் நிறுவனம் அதை வாங்கி, 2010-ல் மென்பொருளை 995 டாலருக்கு விற்றது. 2011-ல் ஒரு பதிப்பை இலவசமாகவே கொடுத்துவிட்டது. பிற்பாடு அதிலேயே முழு எடிட்டிங்கும் வந்தது. நம் மாணவர்களில் பலர் விடுதி அறையில் வைத்திருப்பது அதைத்தான். 1971-ல் ஐந்தாறு பேரிடம் மட்டும் இருந்த வசதி, இன்று நம் விடுதியின் ஒரு மாடியில் மட்டும் முப்பது பேரிடம் இருக்கும்!

கூலி ஏன் விழவில்லை?

இங்கேதான் நம் நண்பர்களுடைய கேள்வி நிற்கிறது. கருவி ஓசியாகிவிட்டதே, ஆள் ஏன் ஓசியாகவில்லை?

இரண்டு படங்களை எடுத்துக்கொள்வோம். 1979-ல் வந்த 'அபோகலிப்ஸ் நவ்'. எடிட்டர்களில் ஒருவரான மர்ச் சொல்லும் கணக்கு இது. படம் பிடித்த பிலிம் பன்னிரண்டரை லட்சம் அடி. ஓட்டிப் பார்த்தால் 230 மணி நேரம். முடிந்த படம் 2 மணி 25 நிமிஷம். எடிட்டர்கள் வேலை செய்த நாட்களால் வெட்டுகளின் எண்ணிக்கையை வகுத்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை வெட்டு. காலையிலிருந்து மாலை வரை ஒன்றரை வெட்டு! மீதி நேரம் என்ன செய்தார்கள்? பார்த்தார்கள். போட்டுப் பார்த்தார்கள். எடுத்தார்கள். வேறு மாதிரி போட்டுப் பார்த்தார்கள். திரையில் நாம் காணும் ஒரு வெட்டுக்குப் பின்னால் வேண்டாம் என்று விட்ட பத்து வெட்டு இருக்கிறது. கூலி அந்தப் பத்துக்கும் சேர்த்துத்தான்.

அடுத்தது 2015-ல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு'. டிஜிட்டல் கேமரா, பிலிம் செலவு கிடையாது. மார்கரெட் சிக்செல் அம்மையாரின் மேஜைக்கு வந்து சேர்ந்தது சுமார் 480 மணி நேரம். தினம் 8 மணி நேரம் பார்த்தாலும் ஒரு முறை பார்த்து முடிக்கவே 60 நாள். அதிலிருந்து சுமார் 2,700 வெட்டுகள் கொண்ட இரண்டு மணி நேரப் படம். அவருக்கு ஆஸ்கார் கிடைத்தது.

விஷயம் புரிகிறதா? பிலிமும் டேப்பும் விலை அதிகமாக இருந்தவரை, எடுப்பதற்கு முன்னால் யோசித்தோம். மெமரி கார்டு மலிந்ததும் யோசிக்காமல் எடுக்க ஆரம்பித்தோம். அன்று கேமராவுக்கு முன்னால் நடந்த யோசனை இன்று எடிட்டர் தலையில் வந்து விழுகிறது. கருவியின் விலை குறையக் குறைய அவருடைய வேலை கூடியிருக்கிறது. இதைத்தான் நான் நண்பர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 கணக்கில், சினிமா, வீடியோ எடிட்டர்களின் ஆண்டு ஊதியத்தின் நடுமதிப்பு சுமார் 70 ஆயிரம் டாலர். மணிக்கு ஏறத்தாழ 34 டாலர். 999 டாலர் மென்பொருளின் விலை அந்த ஊதியத்தில் முப்பது மணி நேரம், அதாவது நாலு நாள் கூலி. 1971-ல் அந்த சி.எம்.எக்ஸ். பெட்டியின் விலையில் ஓர் எடிட்டருக்குப் பல வருஷம் சம்பளம் கொடுத்திருக்கலாம். தராசு அப்படியே சாய்ந்துவிட்டது.

பேச்சை எழுத்தாக்குவது, மௌன இடங்களைக் கண்டுபிடிப்பது எல்லாவற்றையும் இப்போது கம்ப்யூட்டரே செய்கிறதே என்பீர்கள். செய்கிறது, நல்ல உதவிதான். ஆனால் ஓய்வு பெறும் பேராசிரியர் பேச முடியாமல் மூன்று விநாடி நிற்கும்போது, அது வெட்ட வேண்டிய மௌனமா வைத்துக்கொள்ள வேண்டிய மௌனமா என்று முடிவு செய்ய ஓர் ஆள் வேண்டும்.

கணக்குப் போடுவோம்

நாமெல்லாம் எஞ்சினியர்கள், கணக்கு இல்லாமல் நம்பமாட்டோம். உதாரணத்துக்கு நம் சந்திப்பு விழாவையே எடுத்துக்கொள்வோம். இரண்டு கேமரா, தலா 6 மணி நேரம். ஆளாளுக்குப் போனில் எடுத்தது 3 மணி நேரம். மொத்தம் 15 மணி நேரம். வேண்டியது 20 நிமிஷப் படம்.

ஒரு முறை பார்த்துக் குறிப்பெடுக்க 15 மணி நேரம். முதல் தொகுப்புக்கு 12. அதைச் செதுக்க 8. ஒலி, நிறம் சரிசெய்ய 6. "எங்க பேட்ச் போட்டோ வரலையே" என்று வரும் திருத்தங்களுக்கும் கடைசிப் பிரதிக்கும் 7. கூட்டினால் 48 மணி நேரம், அதாவது 6 வேலை நாள்.

ஒரு நாளைக்கு என்ன கொடுப்பது? மாதம் 40,000 ரூபாய் சம்பளத்துக்குத் தகுதியான ஆள் என்று வைத்துக்கொள்வோம். தனியாகத் தொழில் செய்பவருக்கு மாதத்தில் 25 நாளும் வேலை கிடைக்காது. 15 நாள் என்றால் நாளுக்குச் சுமார் 2,670. கம்ப்யூட்டர் ஒன்றரை லட்சம், நாலு வருஷம் உழைக்கும் என்றால் மாதம் 3,125. நாளுக்குச் சுமார் 210. ஆக 2,880, முழுசாக்கினால் 2,900. ஆறு நாளுக்கு 17,400 ரூபாய்.

இந்த எண்களெல்லாம் நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊருக்கும் ஆளின் அனுபவத்துக்கும் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள், முறை இதுதான். அதில் கம்ப்யூட்டரின் பங்கைப் பாருங்கள். நூற்றுக்கு ஏழு! மீதி தொண்ணூற்று மூன்றும் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்கும் நேரம். "சாஃப்ட்வேர் ஃப்ரீதானே" என்று நாம் பேரம் பேசுவது அந்த ஏழு ரூபாயைக் காட்டித் தொண்ணூற்று மூன்றை மறுப்பதாகும்.

செலவைக் குறைக்க வேண்டுமா? அதற்கும் பழைய ஆட்கள் வழி காட்டியிருக்கிறார்கள். நோட்டுப் புத்தகம்தான். எந்தப் பேச்சு முக்கியம், யார் முகம் கட்டாயம் வர வேண்டும் என்று முன்னாலேயே எழுதிக் கொடுங்கள். கேமராவைச் சும்மா ஓடவிடாதீர்கள். திருத்தங்களைப் பத்துப் பேர் பத்து நாள் சொல்லாமல், ஒருவர் ஒரே பட்டியலாகத் தரட்டும். 48 மணி 30 ஆகும். கூலியில் கை வைக்காமலே செலவு குறையும்.

நம்ம வீட்டு விஷயம்

கடைசியாக நம் கல்லூரி விஷயத்துக்கு வருகிறேன். துறை விழா, கலை விழா, விளையாட்டு விழா, ஏன், இந்தச் சந்திப்பு விழாவின் படத்தைக்கூட எடிட் செய்யப்போவது யார்? மூன்றாம் வருஷத்தில் ஒரு தம்பியோ தங்கையோ, செமஸ்டருக்கு நடுவில், ராத்திரி கண் விழித்து. அவர்களுக்கு நாம் கொடுப்பது மேடையில் ஒரு கைதட்டலும் ஒரு சான்றிதழும். கூடவே, "சும்மா வெட்டி ஒட்டறதுதானேப்பா, ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுடு" என்ற அன்புக் கட்டளையும்.

பந்தல்காரருக்குக் கொடுக்கிறோம், சமையல்காரருக்குக் கொடுக்கிறோம், பூமாலைக்குக்கூட வரவு செலவில் ஒரு வரி இருக்கிறது. படத்தொகுப்புக்கு ஒரு வரி இல்லை. சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் அந்த ஒரு வரியைச் சேர்க்கும்படி இந்த மலர் வழியாகவே கேட்டுக்கொள்கிறேன். தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நம் ஜூனியர் முதல் முறை ஒரு பில் எழுதி, அதற்குப் பணம் வாங்கினால், நாளைக்கு வெளியுலகில் தன் நேரத்துக்கு விலை சொல்லக் கூச்சப்படமாட்டான். நான்கு வருஷத்தில் எந்தப் பாடத்திலும் இதை நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மாணவத் தம்பி தங்கைகளே! யாராவது "எவ்வளவு?" என்று கேட்டால் உடனே ஒரு எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். "எத்தனை மணி நேரம் எடுத்து வெச்சிருக்கீங்க?" என்று முதலில் கேளுங்கள். மற்றதெல்லாம் வகுத்தல், பெருக்கல்தான். அது உங்களுக்குத் தெரியாததா?

— மின்னணு, தகவல் தொடர்புப் பிரிவின் முன்னாள் மாணவன்